மின்வாசிப்பானில் பீ.டீ.எவ். நூல்கள்

எழுத்து எப்பொருளின் மீது எழுதப்படுகின்றதோ அப்பொருளின் இயல்பே நூலின் வடிவத்தை வகுக்கின்றது. பனையோலை அகலத்திற் சிறியது, நீளத்திற் பெரியது. ஆதலின் ஏட்டுச்சுவடியில் வரிகள் நீண்டன; செய்யுள் அடி பிரிக்கப்படாது உரையோடு ஒரே தொடராக ஓடிற்று. அச்சுக்கலை பரவிய பின்னர்த் தாளின் அளவுக்கேற்ப வரி குறுகிற்று. செய்யுள் அடியடியாக நின்றது. பக்கம் என்னும் அலகு நிலைபெற்றது. ஓலையிற் கிடந்தவற்றைத் தாளுக்குக் கொணர்ந்த ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலியோரின் பணி கண்ட எழுத்தைக் கண்டவாறே அச்சுக் கோத்தலோடு அமையவில்லை என்பதை அவர்தம் பதிப்புரைகளைக் கற்றோர் நன்கறிவர்.

இக்காலத்தில் அதனை யொத்த மற்றொரு பெயர்ச்சி நிகழ்ந்து வருகின்றது. அச்சுநூல் ஒளிவருடப்பட்டுக் கணினிக் கோப்பாகின்றது. அக்கோப்பு கையடக்கமான மின்வாசிப்பானிற் படிக்கப்படுகின்றது. ஈழத்தவர்க்கு இஃது ஆடம்பரமான பொழுதுபோக்கன்று. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. எஞ்சியவற்றையும் தனியார் வீடுகளிற் கிடந்தவற்றையும் மின்வடிவிற் பேணும் நோக்குடன் 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் பல்லாயிரம் ஆவணங்களை எவரும் பெறக்கூடியவாறு வைத்துள்ளது. அதற்கு முன்னரே, 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலையொட்டித் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் பரந்த தன்னார்வலர் உழைப்பினால் பழந்தமிழ் இலக்கியங்களைத் தட்டெழுத்திலே தந்தது. ஆகவே நூல் கிடைக்கவில்லை என்னும் குறை பெரிதும் தணிந்துவிட்டது. கிடைத்த நூலை வருத்தமின்றிப் படித்தல் எங்ஙனம் என்பதே இப்போதுள்ள கேள்வி. அந்நூல்களிற் பெரும்பாலன பீ.டீ.எவ். என்னும் வடிவிலே உள்ளன. அவற்றைக் கைத்தொலைபேசியிலோ சிறு வாசிப்பானிலோ திறந்து, எழுத்துக் கண்ணுக்குத் தெரியாமையால் இரண்டாம் பக்கத்தோடு மூடிவைத்த முதியவர் பலர்.

பீ.டீ.எவ். வடிவம் எதற்காகத் தோன்றியது என்பதை உணர்ந்தால் இவ்விடர்ப்பாட்டின் காரணம் தெளிவாகும். அடோபி நிறுவனத்தை நிறுவியவருள் ஒருவராகிய ஜோன் வார்நொக் 1991இல் வகுத்த திட்டத்திலிருந்து பிறந்து, 1993இல் அக்ரோபாட் என்னும் மென்பொருளோடு வெளிவந்தது அவ்வடிவம். 2008இல் அது சர்வதேச நியமமாயிற்று. ஓரிடத்தில் ஆக்கிய ஆவணம் எந்தக் கணினியிலும் எந்த அச்சுப்பொறியிலும் அணுவளவும் மாறாது தோன்றவேண்டும் என்பதே அதன் குறிக்கோள். இந்த எழுத்து இந்தப் பக்கத்தில் இந்த இடத்தில் நிற்க என்பதே அக்கோப்பினுள் எழுதப்பட்டிருக்கும் கட்டளை. இது சொல், இது பத்தி, இது தலைப்பு என்னும் பாகுபாட்டை அது கூறவேண்டுமென்னும் கட்டாயம் இல்லை. பக்கத்தைக் கல்லிற் பொறித்தாற்போற் காக்கும் இவ்வாற்றல் அச்சகத்தார்க்கு வரமாயிற்று. சிறு திரையிற் படிப்போர்க்கு அதுவே தடையாயிற்று.

கணக்கொன்று பார்க்கலாம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். ஆறு அங்குல மின்வாசிப்பானின் திரையகலம் ஏறத்தாழ 90 மில்லிமீற்றர். உயரம் ஏறத்தாழ 122. முழுப் பக்கத்தையும் அத்திரையில் அடக்கினால் எழுத்து நூற்றுக்கு 43 பங்காகச் சுருங்கும். பன்னிரண்டு புள்ளி எழுத்து ஐந்து புள்ளியாகிவிடும். மருந்துப் பெட்டியினுள் மடித்து வைக்கப்படும் தாளின் எழுத்தைவிட அது பெரிதன்று. தமிழெழுத்துக்குச் சுழியும் கொம்பும் புள்ளியும் உண்மையால் இச்சுருக்கம் ஆங்கிலத்தினும் தமிழுக்கே கூடிய ஊறு செய்கின்றது.

மின்வாசிப்பானின் இயல்பையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். அதன் திரையில் மின்னேற்றம் பெற்ற கருந்துகளும் வெண்துகளும் நிறைந்த நுண்ணிய உறைகள் பரவிக்கிடக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒருவகைத் துகள் மேலெழ, மற்றையது கீழிறங்கும். இதனையே இலத்திரன் மை என்பர். காகிதத்தைப் போலப் புறவொளியைத் தெறித்துக் காட்டுவதால் கண்ணுக்கு இதமானது; வெயிலிலும் தெளிவாகத் தெரியும்; பக்கம் மாறும்போது மாத்திரமே மின்னைச் செலவிடும். ஆனால் மாற்றம் மெதுவாக நிகழ்வது. கைத்தொலைபேசியிற் போல விரலால் விரித்தும் இழுத்தும் படிப்பது இதிற் பெருந்தொல்லை. எனவே பக்கத்தை முன்னரே திரைக்கேற்பச் செப்பனிட்டுக் கொடுப்பதே தகும்.

செப்பனிடத் தொடங்குமுன் செய்யவேண்டிய சோதனை ஒன்றுண்டு. கோப்பைக் கணினியில் திறந்து, ஒரு வரியைத் தெரிவு செய்து, பிரதிசெய்து, வெறும் எழுத்துக் கோப்பொன்றில் ஒட்டிப் பார்த்தல் வேண்டும். ஒன்றுமே தெரிவாகாவிடின் அது பக்கங்களின் நிழற்படத் தொகுதி. தெரிவாகியும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றின் அது பழைய எழுத்துரு கொண்டு ஆக்கப்பட்டது. தமிழாகவே தோன்றின் ஒருங்குறியில் அமைந்தது. ஆயினும் எழுத்துகள் முறை பிறழாது வந்தனவா என நோக்குதல் வேண்டும். இச்சோதனைக்கு ஒரு நிமிடமும் செல்லாது. இதனைச் செய்யாது எதிர்ப்பட்ட மாற்றிக்கெல்லாம் கோப்பை ஊட்டி, வெளிவந்த குப்பையைக் கண்டு மின்வாசிப்பான் தமிழுக்கு ஆகாது என்று கைவிடுவோரே மிகுதி.

நிழற்படத் தொகுதியை முதற்கண் எடுத்துக்கொள்வோம். பழைய நூல்கள், சஞ்சிகைகள், மலர்கள் யாவும் பெரும்பாலும் இவ்வகையின. இவற்றுக்கு எளிய மருந்து ஓரத்தை வெட்டுதல். தமிழ் நூல்கள் பலவும் ஏ4 அளவின அல்ல. டெமி அளவில், அதாவது அகலம் ஐந்தரை அங்குலமும் உயரம் எட்டரை அங்குலமுமாக அச்சானவை. நாற்புறமும் உள்ள வெற்றிடத்தை நீக்கினால் எழுத்துப் பரப்பின் அகலம் ஏறக்குறைய 108 மில்லிமீற்றரே எஞ்சும். 90 மில்லிமீற்றர்த் திரையில் அது நூற்றுக்கு 83 பங்காகத் தோன்றும். பன்னிரண்டு புள்ளி எழுத்துப் பத்துப் புள்ளியாகும். அஃது எளிதிற் படிக்கத்தக்கதே. ஏ4 பக்கத்தை ஓரம் வெட்டிய பின் வாசிப்பானைப் பக்கவாட்டிற் கிடத்திப் பிடித்தால் எழுத்து ஒன்பது புள்ளியளவில் தோன்றும். பக்கத்தைப் பகுதி பகுதியாகப் படிக்கவேண்டி வரும், அவ்வளவே. நூல்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இதற்கு மேல் எவ்வித மாற்றமும் வேண்டியதில்லை என்பது துணிபு. ஈரிரு பக்கம் ஒரே படத்தில் அமைந்த கோப்புகளைப் பிரிக்கவும் சாய்ந்த பக்கத்தை நிமிர்த்தவும் ஸ்கான் டெய்லர் போன்ற இலவச மென்பொருள்கள் உள. இவற்றுள் அழுக்குத் துகளை நீக்கும் வசதியும் உண்டு. அதனைக் கையாளுமிடத்து மிக்க விழிப்பு வேண்டும். பொறிக்கு அழுக்கும் புள்ளியும் ஒன்றே; துகளை நீக்குவதாகக் கூறி மெய்யெழுத்தின் தலைப்புள்ளியையும் துடைத்துவிடும்.

ஓரம் வெட்டியும் எழுத்துச் சிறிதாயிருப்பின் அடுத்த வழி படத்தைச் சொல் சொல்லாக நறுக்கி மீண்டும் அடுக்குதல். கே-2-பீ.டீ.எவ்.-ஒப்ட் என்னும் இலவச மென்பொருள் இதனைச் செய்கின்றது. எழுத்து இன்னதென அது அறிய முயல்வதில்லை. கருமைக்கு நடுவே உள்ள வெண்மையை அளந்து, இது வரியின் இடைவெளி, இது சொல்லின் இடைவெளி எனப் பகுத்து, ஒவ்வொரு சொல்லின் படத்தையும் வெட்டியெடுத்துக் குறுகிய பக்கத்தில் பெரிதாக அடுக்குகின்றது. மொழியறியாத இப்பொறி மொழி பேதம் பாராட்டாது. தமிழாயினும் சிங்களமாயினும் கிரந்தமாயினும் ஒன்றே. கோரீடர் என்னும் வாசிப்பு மென்பொருளினுள்ளும் இந்நுட்பம் சேர்க்கப்பட்டிருப்பதால், அதனை நிறுவிய வாசிப்பான்களிற் படிக்கும்போதே இம்மாற்றத்தைப் பெறலாம். ஒரு குறை மாத்திரம் உண்டு. பழைய தமிழ் அச்சிலே வரியின் இறுதியில் சொல் முடியாவிடின், பிரித்தற் குறி எதுவுமின்றி எஞ்சிய எழுத்துகளை அடுத்த வரியில் வைத்தல் வழக்கம். இப்பொறி அவ்விரு துண்டையும் இரு சொல்லாகவே கொண்டு இடையில் வெளிவிடும். படிப்போர் சற்றே பழகினால் இது பெரிய இடையூறாகாது.

இரண்டாம் வகை பழைய எழுத்துருக் கோப்புகள். ஒருங்குறித் தராதரத்தில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், அச்சகங்களும் அலுவலகங்களும் அதனைக் கைக்கொள்ள நெடுங்காலம் சென்றது. அதுகாறும் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழெழுத்தின் உருவை ஒளித்து வைத்த எழுத்துருக்களே வழங்கின. இலங்கையிற் பெருவழக்காயிருந்தது பாமினி. அதில் ‘தமிழ்’ என்னும் சொல் உண்மையில் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பினுட் கிடக்கும். எழுத்துருவாகிய போர்வை மேலே கிடக்கும்வரை அது தமிழ். மின்வாசிப்பான் அப்போர்வையை நீக்கித் தன் எழுத்துருவை இட்டவுடன் மீண்டும் ஜே, கே, பீ, ஓ ஆகிவிடும். திஸ்கி, தாப், தாம் முதலிய குறியீட்டு முறைகளுக்கு வெவ்வேறு அட்டவணை உண்டு. இன்ன முறை என்றறிந்து அதற்குரிய மாற்றியிற் கொடுத்தால் ஒருங்குறித் தமிழ் கிடைக்கும். இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருப்பின் அவையும் தமிழாக்கப்பட்டு எந்நிகண்டிலும் காணப்படாத சொற்களாக வெளிவருதல் இயல்பு. அவற்றைக் கையாற் களைதல் வேண்டும். இயலுமாயின், பீ.டீ.எவ். ஆக்கப்படுமுன் தட்டெழுதப்பட்ட மூலக் கோப்பை ஆசிரியரிடமோ அச்சகத்தாரிடமோ கேட்டுப் பெறுதலே மேலானது. கரைத்த சர்க்கரையை நீரிலிருந்து பிரிப்பதைவிடச் சர்க்கரைப் பையைத் தேடுவது இலகு.

ஒருங்குறியில் அமைந்தனவும் குற்றமற்றன என்று கொள்ளற்க. பீ.டீ.எவ். எழுத்தின் உருவைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் வைப்பது. தமிழிலோ ஒலிக்கும் வரிசை வேறு, தோன்றும் வரிசை வேறு. ‘பொருள்’ என்பதிற் பகரத்தின் முன்னே கொம்பும் பின்னே காலும் நிற்கின்றன. ஒருங்குறியின் விதிப்படி மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் வருதல் வேண்டும். கோப்பினுள் அதற்கான ஒத்துநோக்கு அட்டவணை சரிவர அமையாவிடின், கொம்பு தனித்து முன்னிற்க, ‘ெபாருள்’ எனச் சிதைந்து வெளிப்படும். ஒகர ஓகாரமும் எகர ஏகாரமும் ஐகாரமும் ஏறிய எழுத்தெல்லாம் இவ்வாறு பிறழ்ந்திருப்பின் அஞ்சவேண்டியதில்லை. பிழை ஒரே முறையாய் நிகழ்தலின் தேடி மாற்றும் கட்டளை சிலவற்றால் நூல் முழுவதையும் திருத்திவிடலாம்.

மாற்றும் கருவிகளுள் இன்று பெரிதும் பயன்படுவது கலிபர். 2006ஆம் ஆண்டில் கோவிட் கோயல் என்பார் சோனி வாசிப்பானுக்காக எழுதத் தொடங்கிய இம்மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. பீ.டீ.எவ். கோப்பிலுள்ள எழுத்தைப் பிரித்தெடுத்து ஈபப் என்னும் நெகிழ் வடிவமாக இது மாற்றித்தரும். ஈபப்பில் பக்கம் என்பது நிலையானதன்று. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மீள ஒழுங்காகும். கிண்டில் வாசிப்பானுக்கு அனுப்பும் சேவையும் 2022 முதல் ஈபப்பை ஏற்கின்றது. உரைநடை நூல்களைக் கலிபர் பெரும்பாலும் நன்றாகவே மாற்றுகின்றது. பக்கத் தலைப்பும் பக்க எண்ணும் வாக்கியத்தின் நடுவே வந்து நிற்றல் வழக்கமான குறை. அவற்றைத் தேடி நீக்கும் வசதியும் அதனுள்ளேயே உண்டு.

செய்யுள் நூலென்றால் கதை வேறு. வரி எவ்வளவு நீண்டிருக்கின்றது என்பதை அளந்தே பத்தி முடிந்ததா தொடர்கின்றதா என்று அப்பொறி முடிவுசெய்கின்றது. விருத்தத்தின் நான்கடியும் ஒத்த நீளமுடையன. ஆதலால் அவற்றை நெடும்பத்தியின் நான்கு வரிகளென மயங்கி ஒன்றாய்ச் சேர்த்துவிடும். வெண்பாவின் ஈற்றடி மாத்திரம் குறுகியிருத்தலின், அதனோடு பத்தி முடிந்ததெனக் கொண்டு நான்கடியையும் உரைநடையாக்கும். அச்சு யுகத்துக்கு முந்திய ஏட்டின் கோலம் ஒரு நொடியில் மீண்டுவிடுகின்றது! மூலம், பதவுரை, பொழிப்புரை, விசேடவுரை என வெவ்வேறு எழுத்தளவிலும் ஓரத்திலும் அச்சிட்ட உரைநூல்களில் இக்கேடு பன்மடங்கு பெருகும். அத்தகைய நூலை ஈபப்பாக்க முயலாது, ஓரம் வெட்டிய படமாகவே படிப்பது நன்று. அன்றி ஈபப்பே வேண்டுமாயின் அடியெல்லைகளைக் கையால் குறிக்கும் உழைப்புக்கு ஆயத்தமாதல் வேண்டும்.

நிழற்படத்தை எழுத்தாக்கும் ஒளியெழுத்துணரி ஒன்றுண்டு. டெசராக்ட் என்னும் உணரி 1980களில் ஹியூலட் பக்கார்ட் நிறுவனத்தில் உருவாகி 2005இல் எவரும் பயன்படுத்தத்தக்கதாக வெளியிடப்பட்டது. இன்று தமிழும் அறியும். தெளிவான அண்மைக்கால அச்சாயின் வியக்கத்தக்க திருத்தத்துடன் படிக்கின்றது. பழைய அச்சில் அது தடுமாறும் இடங்கள் நுணுகி நோக்கத்தக்கவை. காலை ரகரமாகவும் ரகரத்தைக் காலாகவும் கொள்ளும். மங்கிய அச்சில் புள்ளியை இழக்கும். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் மயங்கும். ௭ என்னும் தமிழ் எண்ணை எகரமென்று படிக்கும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் ஏற்கப்படுமுன் வழங்கிய ணை, லை, றா, னா முதலியவற்றின் பழைய உருவங்களைக் கண்டால் வேறெழுத்தாகப் பிறழவுணரும்.

இப்பட்டியலிற் பெரும்பகுதி தமிழறிஞர்க்குப் புதியதன்று. ஏட்டுச்சுவடியிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படவில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடுத்தப்படவில்லை. காலும் ரகரமும் ஓருருவாகவே நின்றன. வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பதிப்பிக்கப் புகுந்தோர் எவ்வெவ்விடத்தில் ஐயுற்று இடர்ப்பட்டனரோ, அவ்வவ்விடத்திலேயே இன்றைய பொறியும் இடர்ப்படுகின்றது. வேறுபாடு ஒன்றே. பதிப்பாசிரியர் ஐயுற்றார், பொறி ஐயுறுவதை வெளிக்காட்டாது எழுதிச் செல்கின்றது. ‘தேன்’ என்பது ‘தென்’ என்றும், ‘மேல்’ என்பது ‘மெல்’ என்றும், ‘கேடு’ என்பது ‘கெடு’ என்றும் மாறினால் சொற்பிழை திருத்தியும் அதனைப் பிழையென்று காட்டாது, இரண்டும் தமிழ்ச்சொற்களே. படிப்போர் மூலப்பக்கத்தை அறியாராயின் அதனையே பாடமாகக் கொள்வர். பின்னொருவர் அதனை மேற்கோளும் காட்டுவார். ஆகவே உணரியாற் பெற்ற எழுத்தைப் பக்கப் படத்தோடு ஒப்புநோக்காமல் பிறர்க்குக் கொடுத்தல் தகாது. தன் வாசிப்புக்கு மாத்திரம் எனின், படத்தின் அடியிலே எழுத்தை மறைத்து வைக்கும் முறை போதும். அதில் கண் படத்தைப் படிக்கும். தேடற்பொறி எழுத்தைத் தேடும். பிழை இருப்பினும் வாசகரை ஏமாற்றாது.

வாசிப்பான்கள் தமிழைச் சரிவரக் காட்டாத காலமும் ஒன்றிருந்தது. கிண்டிலில் தமிழ் நூல்களை முறையாக விற்கும் ஏற்பாடு 2016ஆம் ஆண்டு இறுதியிலேயே வந்தது. அதற்கு முன்னர், தன்னார்வலர் நடத்தும் இலவச மின்னூல் முயற்சியொன்று ஆறு அங்குலத் திரையின் அளவுக்கே பக்கம் வகுத்த பீ.டீ.எவ். ஒன்றையும் ஒவ்வொரு நூலோடும் சேர்த்து வெளியிட்டது. எழுத்துருவை உள்ளடக்கிய பீ.டீ.எவ். எந்தக் கருவியிலும் தமிழைச் சிதைக்காது காட்டும். பக்கம் திரையளவினதாதலின் எழுத்தும் சிறுக்காது. பகையாய்த் தோன்றிய நிலைத்தன்மையையே துணையாக்கிக் கொண்ட இவ்வுபாயம் இன்றும் பயனுடையது. பழைய வாசிப்பான் வைத்திருப்போர், சொற்செயலியில் பக்க அகலத்தை 90, உயரத்தை 122 மில்லிமீற்றராகவும் எழுத்தைப் பன்னிரண்டு அல்லது பதினான்கு புள்ளியாகவும் அமைத்து, இரு ஓரமும் நேர்செய்யாது இடவோரம் மாத்திரம் நேராக விட்டுப் பீ.டீ.எவ். ஆக்கிக்கொள்ளலாம். தமிழ்த்தொடர்கள் நெடியன, குறுகிய வரியில் இருபுறமும் நேர்செய்தால் சொல்லுக்குச் சொல் வாய்க்கால் வெட்டினாற்போல் வெளி விழும்.

மாற்றம் முடிந்த கோப்பின் முதற்பக்கத்தில், எந்தப் பதிப்பிலிருந்து, எவ்வாண்டு அச்சானதிலிருந்து எடுக்கப்பட்டது, எந்தப் பக்கங்கள் இல்லை, எழுத்து உணரியாற் பெறப்பட்டதா, ஒப்புநோக்கப்பட்டதா என நாலைந்து வரி எழுதிவைத்தல் வேண்டும். தாமோதரம்பிள்ளையவர்கள் தமக்குக் கிடைத்த ஏடுகளின் நிலையைப் பதிப்புரையில் விரித்துக் கூறியமையாலேயே, இன்று ஒரு பாடத்தை ஐயுறுவோர் எங்கே தேடவேண்டுமென்பதை அறிகின்றனர்.